உருட்டு நரம்பும் பட்டை நரம்பும்

தாம்பரத்தில் இருக்கும் என் பேத்திக்குப் பதின்மூன்று வயது. மூன்று வருடமாக டென்னிஸ் ஆடுகிறாள். போன மாதம் ஒரு நாள் போன் செய்தாள். "தாத்தா, பேட்டுக்கு பாலியஸ்டர் போடலாம்னு கோச் சொல்லிட்டார். ரவுண்டா, ஷேப்டா? நீங்க சொல்லுங்க. அப்பாவுக்கு ஒண்ணும் தெரியல."

அப்பாவுக்குத் தெரியாதது தாத்தாவுக்குத் தெரிகிறது என்று பேத்தி நம்புவதே பெரிய விஷயம். ஆனாலும் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் டைம் கேட்டேன். காரணம் என் வலது முழங்கை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

டென்னிஸ் ஆடாத நண்பர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். டென்னிஸ் மட்டையில் பின்னியிருப்பதை நம் ஊரில் 'கட்' என்போம், அதைப் பின்னுவதை 'கட்டிங்' என்போம். இங்கிலீஷில் கட் என்றால் குடல். பெயருக்கேற்ப அது குடலேதான். விங்ஃபீல்டு என்ற ராணுவ அதிகாரி இந்த ஆட்டத்துக்குக் காப்புரிமை வாங்கியது 1874. அடுத்த வருடமே பிரான்சில் லியோன் நகரத்து பாபோலா குடும்பம் மட்டைக்கென்று குடல் நரம்பு திரிக்க ஆரம்பித்துவிட்டது. முதலில் ஆட்டுக் குடல், பிற்காலத்தில் மாட்டுக் குடல். யாழுக்கும் வயலினுக்கும் நரம்பு கட்டிய உலகத்துக்கு இது ஒன்றும் புதிய வித்தை இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் செங்கல்பட்டில் அதிகாரிகள் ஆடும் ஒரு களத்தில் நான் பந்து பொறுக்கும் பையன். ஒரு சாயங்காலத்துக்கு நாலணா. எல்லாம் மர மட்டை, குடல் நரம்பு. மழைக்காலம் வந்தால் அந்த நரம்பு ஈரம் குடித்து உப்பி, இழை இழையாகப் பிரிந்துவிடும். மெட்ராசிலிருந்து ஒருவர் வந்து மர நிழலில் உட்கார்ந்து மட்டை பின்னித் தருவார். மெஷின் கிடையாது. ஒரு மரக்கட்டையில் நரம்பைச் சுற்றி உடம்பு பலத்தால் இழுப்பார், இழுத்தது நழுவாமல் இருக்க ஓட்டையில் குத்தூசியைச் செருகுவார். முடித்ததும் விரலால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்பார். அந்தச் சத்தம்தான் அவருடைய மீட்டர்.

ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரை இறுதிக்குப் போனது இப்படிப்பட்ட நரம்பு கட்டிய மட்டையோடுதான். எங்கள் களத்தில் அவர் பெயரைச் சொல்லாத நாள் இல்லை. பந்தை அடிக்க மாட்டார், அனுப்பி வைப்பார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். குடல் நரம்பின் குணம் அது. பந்தை ஒரு கணம் தாங்கி, பிறகு விடும். கைக்கும் இதம்.

பிறகு நைலான் வந்தது. விலை மலிவு, மழைக்குப் பயமில்லை. நான் வேலைக்குச் சேர்ந்து சொந்தமாக மட்டை வாங்கியபோது நைலான்தான் எனக்குக் கட்டுப்படியானது. கல்பாக்கத்தில் வேலை பார்த்த வருடங்கள் முழுக்க, சாயங்காலம் சிமெண்ட் தரையில் அதே நைலானோடுதான் ஆடினேன். நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை அறும், மறுபடி போடுவேன். கை ஒரு நாளும் வலித்ததில்லை.

பாலியஸ்டர் நம் தலைமுறைக்குச் சட்டைத்துணியாக அறிமுகமானது. 1941-ல் இங்கிலாந்தில் விங்ஃபீல்டு அல்ல, வின்ஃபீல்டு என்ற இன்னொருவரும் டிக்சனும் சேர்ந்து கண்டுபிடித்த சரக்கு. (பெயர் ஒற்றுமை எனக்கே குழப்பம்தான்.) டெரிலின் சட்டை, டெரிகாட்டன் பேண்ட் எல்லாம் அந்த வம்சம். கல்யாணத்துக்கு டெரிலின் சட்டை எடுத்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அதே சரக்கை ஒற்றை இழையாக உருக்கி இழுத்தால் டென்னிஸ் நரம்பு. விறைப்பாக இருக்கும், லேசில் அறாது. ஆரம்பத்தில் அதன் பெருமையே அதுதான்: அடிக்கடி நரம்பை அறுப்பவனுக்குச் செலவு மிச்சம். பெரிய ஆட்டக்காரர்கள் அதை மதிக்கவில்லை.

1997-ல் நிலைமை தலைகீழானது. அந்த வருடம்தான் நுங்கம்பாக்கத்தில் முதன்முதலாக ஏடிபி போட்டி நடந்து, நாமெல்லாம் வெளிநாட்டு ஆட்டக்காரர்களை நேரில் பார்த்தோம். அதே வருடம் பாரிசில், உலகத் தரவரிசையில் 66-ஆவது இடத்தில் இருந்த குயர்டன் என்ற பிரேசில் பையன் பிரெஞ்சு ஓப்பனை வென்றான். வழியில் அவன் வீழ்த்திய மூன்று பேரும், மஸ்டர், காஃபெல்னிகோவ், இறுதி ஆட்டத்தில் புருகுவேரா, அதே போட்டியில் முன்பு பட்டம் வென்றவர்கள். அவன் மட்டையில் இருந்தது லக்சிலான் என்ற பெல்ஜியம் கம்பெனியின் பாலியஸ்டர் நரம்பு. உருட்டு நரம்பு. பட்டையும் இல்லை, விளிம்பும் இல்லை. ஓங்கி அடித்த பந்து வெளியே போகும் என்று நினைத்தால், கடைசி நேரத்தில் தலைகுப்புறச் சுழன்று கோட்டுக்குள் விழும். 2002-ல் அகாசியும் மாறினார், அந்த வருடம் ரோமில் பட்டம் வென்றார். அப்புறம் ஊரே மாறியது.

சுழற்சி எங்கிருந்து வந்தது? பலரும், நானும்தான், நரம்பு பந்தை உப்புத்தாள் மாதிரி பிறாண்டுகிறது என்று நினைத்தோம். கம்பெனிகளும் அப்படியே நினைத்தன, அல்லது நாம் அப்படி நினைப்பது அவர்களுக்கு வசதியாக இருந்தது. உருட்டு நரம்பே இவ்வளவு பிறாண்டினால், பட்டை தீட்டிய நரம்பு இன்னும் எவ்வளவு பிறாண்டும்! அப்படி வந்தவை நாலு பட்டை, ஐந்து பட்டை, ஆறு பட்டை, எட்டுப் பட்டை நரம்புகள், முறுக்கு நரம்புகள். 2010-ல் நடால் ஆர்பிஎம் பிளாஸ்ட் என்ற எட்டுப் பட்டை நரம்போடு ஆடி, பிரெஞ்சு, விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் மூன்றையும் ஒரே வருடத்தில் வென்றார். கறுப்பு நிறத்தில் அந்த நரம்பை வாங்காத பையன் இல்லை. ஆனால் அது வருவதற்கு முன்பே அவர் நாலு பிரெஞ்சு ஓப்பன் வென்றிருந்தார் என்பதை விளம்பரத்தைப் பார்த்தவர்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

உண்மையான காரணம் வேறு. சதுரங்கப்பட்டினத்துக்காரர்களுக்கு அதைச் சொன்னால் சட்டென்று புரியும். நம்முடையது தறி ஊர். டச்சுக்காரன் இங்கே வந்து கோட்டை கட்டி உட்கார்ந்தது நம் மெல்லிய துணிக்காகத்தான். மட்டையும் ஒரு துணிதான். நெடுக்கே ஓடுவது பாவு, குறுக்கே போவது ஊடை, ஒன்றின் மேல் ஒன்று கீழ் என்று மாறி மாறிப் பின்னியது. பந்து கீழிருந்து மேலாக உரசும்போது பாவு நரம்புகள் பக்கவாட்டில் இழுபட்டு நகர்கின்றன. பந்து நரம்பில் தங்குவது ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்கு நேரம். அதற்குள் அந்தப் பாவு நரம்பு துள்ளித் தன் இடத்துக்குத் திரும்பினால், பந்தையும் சேர்த்துச் சுழற்றிவிட்டு அனுப்பும். நைலானிலும் குடலிலும் ஊடையின் மேல் பாவு உராய்ந்து நகர்ந்த இடத்திலேயே நின்றுவிடும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பாயிண்டுக்கும் நடுவில் ஆட்டக்காரர்கள் விரலால் நரம்பை நேராக்கிக்கொண்டே நிற்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதற்குக் காரணம் அதுதான். பாலியஸ்டர் வழவழப்பு. தானே திரும்பிவிடும்.

ஜப்பானில் கவாசோயே என்ற பேராசிரியர் நரம்புகள் குறுக்கிடும் இடங்களில் எண்ணெய் தடவி, அதிவேகக் காமிராவில் படம் பிடித்துப் பார்த்தார். எண்ணெய் தடவிய மட்டையில் சுழற்சி கூடியது. ஆஸ்திரேலியாவில் ராட் கிராஸ் என்ற இயற்பியல்காரரும் சோதனைகள் செய்து இதே பக்கம்தான் வந்து சேர்ந்தார். பந்தைப் பிடிப்பதைவிட, நரம்போடு நரம்பு வழுக்குவதில்தான் விஷயம் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1977-ல் 'ஸ்பெகட்டி' மட்டை என்று ஒன்று வந்தது. பாவு நரம்புகளை ஊடையோடு பின்னாமல் இரண்டு அடுக்காக விட்டு, பிளாஸ்டிக் குழாய் மாட்டி, இஷ்டத்துக்கு வழுக்கவிட்டார்கள். அதை வைத்து நஸ்டாசே ஆடியபோது, களிமண் தரையில் தோல்வியே காணாமல் வந்துகொண்டிருந்த வீலாஸ் இரண்டு செட் தோற்று, போதும் என்று வெளியேறிவிட்டார். சர்வதேச சம்மேளனம் உடனே தடை போட்டது. நரம்புகள் மாறி மாறிப் பின்னியிருக்க வேண்டும் என்று அடுத்த வருடம் விதியும் எழுதியது. வாசலில் தடுத்த அதே வழுக்கல், இருபது வருடம் கழித்து டெரிலின் சட்டை போட்டுக்கொண்டு கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது. பின்னல் விதிப்படி சரியாகத்தான் இருக்கிறது. யார் என்ன சொல்ல முடியும்?

பேத்தியிடம் டைம் கேட்ட மறுநாள் காலை கடற்கரைப் பக்கம் நடந்தேன். கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் நரம்பு வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பல வருடப் பழக்கம். பேச்சுவாக்கில் முடிச்சைக் காட்டி, "பருத்தி வலைல ஒரு முடிச்சு போட்டா அப்படியே கடிச்சிக்கும் சார். இது வழுக்குது பாருங்க, ரெட்டை முடிச்சு போடணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குத் தொல்லையான வழுக்கல்தான் குயர்டனுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தது.

அப்படியானால் பட்டை நரம்பு வெறும் விளம்பரமா? அப்படியும் சொல்ல மாட்டேன். புதிதாகக் கட்டிய முதல் சில நாட்கள் அது பந்தைக் கவ்வுவது கைக்கே தெரியும். பட்டையின் முனையில் மட்டும் ஊடை தொடுவதால் வழுக்கலும் நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த முனைகளே ஒன்றையொன்று அறுக்கும் கத்தி. குறுக்கிடும் இடமெல்லாம் பள்ளம் விழும். பள்ளத்தில் பாவு உட்கார்ந்துவிட்டால் பிறகு நகராது. சுழற்சி போய்விடும், விறைப்பு மட்டும் மிஞ்சும். உருட்டு நரம்பிலும் பள்ளம் விழும், என் அனுபவத்தில் அது கொஞ்சம் மெதுவாக விழுகிறது.

முழங்கைக் கதைக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற புதிதில் எனக்கும் ஆசை வந்தது. பட்டை வைத்த ஒரு பாலியஸ்டர் நரம்பை, பழைய நைலான் பழக்கத்தில் 58 பவுண்டு இழுத்துக் கட்டச் சொன்னேன். பத்து நாள் சொர்க்கம். பிறகு பந்து எங்கே போகிறது என்றே தெரியவில்லை. நைலான் என்றால் அறுந்து 'என்னை மாற்று' என்று சொல்லும். இது அறவே இல்லை. அறாத நரம்பை எதற்கு மாற்றுவது, காசு என்ன மரத்திலா காய்க்கிறது என்று ஏழு மாதம் ஆடினேன். பாலியஸ்டர் அறுவதற்கு வெகுநாள் முன்பே செத்துவிடும் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இழுப்பு தளர்ந்து, துள்ளல் போய், ஒவ்வொரு அடியின் அதிர்வும் நேராகக் கைக்கு வந்தது. ஒரு காலை டம்ளரைத் தூக்க முடியவில்லை. டென்னிஸ் எல்போ. பதினாலு மாதம். பேத்தி அப்போது கைக்குழந்தை. முதல் தடவை அவளைத் தூக்கியதே இடது கையால்தான்.

அதனால்தான் அவள் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வரவில்லை. உருட்டா பட்டையா என்பது இரண்டாவது கேள்வி. எந்த இழுப்பில், எத்தனை நாளைக்கு, யாருடைய கைக்கு என்பதுதான் முதல் கேள்வி. ஃபெடரரே நெடுக்கே குடல் நரம்பும் குறுக்கே மட்டும் பாலியஸ்டரும் போட்டுத்தான் ஆடினார். எலும்பு முற்றாத பதின்மூன்று வயதுக் கைக்கு முழுக்க முழுக்கப் பாலியஸ்டர் எதற்கு?

இதையெல்லாம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "அப்ப பாலியஸ்டரே வேணாமா தாத்தா?" என்று குரல் இறங்கியது. ஒரு ஒப்பந்தம் போட்டோம். இப்போதைக்குப் பல இழை திரித்த மெத்தென்ற நைலான். அதை அவள் ஒரு மாதத்துக்குள் அறுத்துவிட்டால், அவ்வளவு பலமாக அடிக்கும் கை வந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு பாலியஸ்டருக்கு நானே பணம் தருகிறேன். அதுவும் உருட்டு நரம்பு, 46 பவுண்டுக்கு மேல் இழுக்கக் கூடாது, அறுந்தாலும் அறாவிட்டாலும் ஐந்து வாரத்தில் கத்தரித்துவிட வேண்டும். முழங்கையில் துளி வலி என்றாலும் உடனே நிறுத்த வேண்டும். கோச்சிடமும் பேசினேன். வயதில் சின்னவர், நான் சொன்னதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

நேற்று இரவு வாட்சப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மட்டையின் நடுவில், சரியாக அடிக்க வேண்டிய இடத்தில், ஒரு பாவு நரம்பு அறுந்து இரண்டு பக்கமும் சுருண்டிருந்தது. கீழே எழுதியிருந்தாள்: "இருபத்தி ரெண்டு நாள் தாத்தா. ஜிபே பண்ணுங்க."

காலையில் பண்ணிவிட்டேன்.