எழுத்தறிவும் செய்தியறிவும்

எழுத்தறிந்தோர் யாவரும் செய்தியை ஆராய்ந்தறியும் ஆற்றல் உடையோராய் விடுவதில்லை. ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகை வரலாறு இதனைத் தெளிவுறுத்துகின்றது.

1841இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் 'உதயதாரகை'யை வெளியிட்டனர். உலகச் செய்திகளையும் விஞ்ஞான அறிவையும் பரப்பிய அவ்விதழ் மதப் பிரசாரத்துக்கும் கருவியாயிற்று. அச்சின் வலிமையை உணர்ந்த ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவினார். சித்திலெவ்வை 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். 1889இல் சைவர் சார்பில் 'இந்து சாதனம்' எழுந்தது. 1924இல் கோ. நடேசய்யரின் 'தேசபக்தன்' தோட்டத் தொழிலாளருக்காகக் குரல் கொடுத்தது. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு சார்பு இருந்தது. அச்சார்பு இன்னதென உணர்ந்து, ஒன்றை மற்றொன்றோடு ஒப்புநோக்கி வாசித்தவனே செய்தியின் முழுமையைக் கண்டான்.

இவ்வுணர்வு குன்றின் விளையும் கேடு யாது? 2018 பெப்ரவரியில், அம்பாறையிலுள்ள முஸ்லிம் உணவகமொன்றில் மலட்டு மருந்து கலந்த உணவு வழங்கப்பட்டதாக வதந்தி பரவிற்று. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவிலிருந்தது வெறும் மாக்கட்டியே என அரச பகுப்பாய்வாளர் பின்னரே அறிவித்தார். அடுத்த மாதம் கண்டியில் வன்செயல் மூண்டபோது அரசாங்கம் சமூக ஊடகங்களைச் சில நாள்கள் முடக்கியது.

தடை தற்காலிகமானது; கல்வியே நிலைத்த காப்பு. 'சொல்பவர் யார்? நோக்கம் யாது? சான்று எங்கே?' என்னும் வினாக்களைப் பிள்ளைகள் பாடசாலையிலும், குடும்பத்தார் வீட்டிலும், தொழிலாளர் தம் சங்கங்களிலும் பயிலுதல் வேண்டும். பல இனமும் பல மொழியும் வாழும் இந்நாட்டில் அயலவரின் உயிரும் உடைமையும் அப்பயிற்சியிலேயே தங்கியுள்ளன.