அந்த வெள்ளிக்கிழமை மாலை எங்கே இருந்தீர்கள்?

 

1948 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை. டெல்லி பிர்லா மாளிகையின் தோட்டத்தில், மாலைப் பிரார்த்தனை மேடையை நோக்கிப் பேத்திகள் இருவரின் தோள்களைப் பற்றியபடி நடந்து வந்த காந்தியடிகள், 5 மணி 17 நிமிடத்திற்கு மூன்று குண்டுகளுக்கு இரையாகி வீழ்ந்தார். இந்தச் செய்தியைப் பள்ளிக்கூடத்துப் பாடநூல்களில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். ஆனால் அந்தச் செய்தி வந்தபோது தாம் எங்கே இருந்தோம், யாரோடு இருந்தோம், என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை அன்றைய மக்கள் தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. பிள்ளைகள் பிறந்த தேதியை மறந்த முதியவர்கள்கூட அந்த மாலையை மறந்ததில்லை. நமதூர்ப் பெரியவர்கள் சிலர் கூறக் கேட்டவற்றையும், நூல்களில் பதிவாகியுள்ளவற்றையும் சேர்த்துச் சில செய்திகளை இவ்வாண்டு மலரில் தரலாம் என்று எண்ணினேன்.

முதலில் மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதைப் பார்ப்போம். அவர்கள் தம் வரலாற்று நூலில் இதை எழுதியிருக்கிறார்கள். அன்று பிற்பகல் காந்தியடிகளைச் சந்தித்து, ஒரு மணி நேரத்திற்கும் மேலாகப் பேசிவிட்டு மௌலானா வீடு திரும்பினார்கள். மாலை ஐந்தரை மணி அளவில், முக்கியமான சில விஷயங்களைக் கேட்க விட்டுப்போயிற்றே என்பது நினைவுக்கு வர, மீண்டும் பிர்லா மாளிகைக்குப் புறப்பட்டார்கள். வாயிற்கதவு அடைத்திருந்தது. புல்வெளியிலும் தெருவிலும் ஆயிரக்கணக்கானோர் நின்றனர். என்ன நடந்தது என்று விளங்கவில்லை. வீட்டின் கதவுகளும் உள்ளே பூட்டப்பட்டிருந்தன. கண்ணாடி வழியே மௌலானாவைக் கண்ட ஒருவர் வெளியே வந்து அழைத்துச் சென்றபோதுதான், காந்தியடிகள் சுடப்பட்டார் என்று யாரோ அழுதபடி கூறினாராம். கேட்பதற்காக வைத்திருந்த ஆலோசனை கேட்கப்படாமலே போய்விட்டது. அந்த இரண்டு மணி நேர இடைவெளியை மௌலானா எத்தனை முறை மனத்துள் அளந்து பார்த்திருப்பார்களோ, வல்ல இறைவனே அறிவான்.

அதே காலத்தில் நம் மாகாணத்தின் தலைநகரில் இசையரசி எம்.எஸ். சுப்புலட்சுமி வானொலியின் அருகே அமர்ந்திருந்தார். அன்று தியாகராஜ ஆராதனை நாள்; திருவையாற்று நிகழ்ச்சி ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. நிகழ்ச்சி இடையில் நின்று, மரணச் செய்தி வந்தது. அடுத்து ஒலித்தது அவருடைய குரலேதான். சில மாதங்களுக்கு முன் காந்தியடிகள் விரும்பிக் கேட்டதற்காகச் சென்னையில் பதிவு செய்து டெல்லிக்கு அனுப்பப்பட்ட மீரா பஜனைப் பாடல் அது. தம் குரலையே இரங்கல் ஒலியாகக் கேட்க நேர்ந்த அவர் அங்கேயே நிலைகுலைந்தார் என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர்.

இவை பெரிய இடத்துச் செய்திகள். எளிய மக்களின் நினைவுக்கு வருமுன், அன்றைய டெல்லியின் நிலையைச் சுருக்கமாகவேனும் கூற வேண்டும். இல்லையேல் நம் பெரியவர்களின் அச்சம் இளைய தலைமுறைக்கு விளங்காது.

பிரிவினைக் கலவரத்தில் டெல்லி முஸ்லிம்கள் பல்லாயிரவர் வீடிழந்து, புராணா கிலாவிலும் ஹுமாயூன் சமாதி வளாகத்திலும் அகதிகளாகத் தங்கினர். நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் குடியிருப்புகளாகவும் வேறு வழிபாட்டு இடங்களாகவும் மாற்றப்பட்டிருந்தன. இந்நிலை மாற வேண்டும் என்று 1948 ஜனவரி 13 அன்று காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 78. பள்ளிவாசல்களைத் திருப்பித் தர வேண்டும். முஸ்லிம்கள் அச்சமின்றித் தெருவில் நடமாட வேண்டும். மெஹ்ரௌலியில் ஹஜ்ரத் குத்புத்தீன் பக்தியார் காக்கி (ரஹ்) அவர்களின் உரூஸ் வழக்கம்போல் நடைபெற வேண்டும் என்பவை அவர் கேட்ட உறுதிமொழிகளில் சில. எல்லாத் தரப்புத் தலைவர்களும் கையெழுத்திட்டு உறுதியளித்த பின், ஜனவரி 18 அன்று மௌலானா ஆஸாத் கையால் பழச்சாறு அருந்தி நோன்பை முடித்தார். 20ஆம் தேதி அவரது பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. அதன்பின்னும் அவர் ஒதுங்கவில்லை. 27ஆம் தேதி உடல் தளர்ந்த நிலையிலும் மெஹ்ரௌலி உரூஸுக்கு நேரில் சென்று வந்தார். அதற்கு மூன்றாம் நாள்தான் கொலை நடந்தது.

ஆகவே அன்று மாலை நாடெங்கும் ஒரே கேள்வி எழுந்தது. சுட்டது யார்? இக்கேள்வி எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் முஸ்லிம் மஹல்லாக்களில் அது வேறு விதமாகக் கேட்கப்பட்டது.

பிர்லா மாளிகைக்கு மவுண்ட்பேட்டன் வந்து இறங்கியபோது, கூட்டத்தில் ஒருவர், கொன்றவன் ஒரு முஸ்லிம் என்று கூவினாராம். மவுண்ட்பேட்டன் உடனே திரும்பி, மூடனே, அவன் இந்து என்பது உனக்குத் தெரியாதா என்று அதட்டினார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று உடன் வந்தவர் மெல்லக் கேட்க, தெரியாது, ஆனால் அவன் முஸ்லிமாக இருந்துவிட்டால் இந்நாட்டில் நடக்கப்போகும் படுகொலையை எவராலும் தடுக்க இயலாது என்னும் கருத்துப்படப் பதிலளித்தார் என்பது அக்காலத்தை எழுதிய பலரும் கூறும் செய்தி. அகில இந்திய வானொலி ஆறு மணி அளவில் மரணச் செய்தியை அறிவித்தபோது, கொன்றவர் இந்து என்பதையும் அதனோடு சேர்த்தே அறிவித்தது. அந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்தவர்களுக்கு இந்நாட்டு முஸ்லிம்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

துக்ளக் ரோடு காவல் நிலையத்தில் பதிவான முதல் தகவல் அறிக்கை உருது மொழியில் எழுதப்பட்டது என்பதையும் இடையே சொல்லி வைக்கிறேன். டெல்லி காவல் துறையின் ஏடுகள் அன்று அம்மொழியிலேயே இருந்தன.

இனி நமதூருக்கு வருவோம். அப்போது நமதூரில் மின்சாரம் இல்லை. பாட்டரியில் ஓடும் வானொலிப் பெட்டி இரண்டு வீடுகளில் இருந்தது. அறிவிப்பில் இரண்டு செய்திகளும் இருந்தன என்றேன் அல்லவா? ஆனால் வாய்வழியாகத் தெருவுக்கு வந்தபோது அவை சேர்ந்து வரவில்லை. "காந்தியைச் சுட்டுவிட்டார்கள்" என்னும் முதற்பாதி ஓடி வந்தது. இரண்டாம் பாதி நடந்து வந்தது. இடைப்பட்ட நேரத்தைத்தான் நம் பெரியவர்கள் ஆயுள் முழுவதும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த பத்து வயதுச் சிறுவராக இருந்த ஒரு பெரியவர் என்னிடம் கூறினார்: "அஸர் முடிந்து பிள்ளைகள் ஹவுளுக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தோம். கடைத்தெருவிலிருந்து ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் பள்ளி வாசற்படி வரை ஓடி வந்தார். ஆலிம்ஷாவிடம் ஏதோ சொன்னார். ஆலிம்ஷா 'இன்னாலில்லாஹி' சொல்லிவிட்டு, உடனே எங்களைப் பார்த்து, எல்லோரும் நேராக வீட்டுக்குப் போங்கள், எங்கும் நிற்காதீர்கள் என்றார். காந்தி இறந்ததற்கு நாங்கள் ஏன் வீட்டுக்குள் போக வேண்டும் என்பது எனக்கு அன்று புரியவில்லை." பிள்ளைகளை அனுப்பிவிட்டு மோதினார் மஃரிபுக்குப் பாங்கு சொன்னாராம். அன்று வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரலில் சொன்னதாக அவர் நினைவு.

மர்ஹூமா ஒருவர் சொல்லக் கேட்டது இன்னொன்று. அவர் அன்று புதுமணப்பெண். மாமியார் முன்கதவின் தாழ்ப்பாளோடு குறுக்குக் கட்டையையும் போட்டார். அடுப்பில் இருந்த சோற்றை இறக்கிவிட்டு விளக்கைத் தணித்தார். ஆண்கள் எல்லோரும் பள்ளியில். கொல்லைப்புறம் வழியாகப் பக்கத்து வீட்டுக் கோனார் குடும்பத்து அம்மாள் வந்து, "பயப்படாதீங்க, எங்க வீட்டு ஆம்பிளைங்க தெருமுனையிலதான் நிக்கிறாங்க" என்று சொல்லிப் போனாராம். இஷாவுக்குச் சற்று முன்னர், வானொலி வைத்திருந்த வீட்டுப் பிள்ளை, இங்கிலீஷ் தெரிந்தவர், தெருத்தெருவாக வந்து இரண்டாம் பாதியைச் சொன்னார். குறுக்குக் கட்டையை எடுத்த பிறகுதான் மாமியார் காந்திக்காக அழுதார் என்று அந்த அம்மையார் கூறினார். அதுவரை அழக்கூட நேரமில்லையாம்.

மூன்றாவது ஒரு கடிதம். அக்காலத்தில் நமதூரார் பலர் கொழும்பில் வணிகம் செய்தனர். புறக்கோட்டையில் துணிக்கடைக் கணக்கராக இருந்த ஒருவர் தம் மனைவிக்கு அரபுத் தமிழில் எழுதிய அக்கடிதத்தை அவர் பேரப்பிள்ளைகள் பத்திரமாக வைத்துள்ளனர். இலங்கை 1948 பிப்ரவரி 4 அன்று விடுதலை பெற இருந்ததால், நகரெங்கும் தோரணம் கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. கடையைப் பூட்டிவிட்டோம், இங்கே எல்லா ஜாதியாரும் அழுகிறார்கள் என்று எழுதிவிட்டு, அங்கே நம்மவர்க்கு ஏதும் இல்லையே, உடன் பதில் எழுதவும் என்று கேட்டிருக்கிறார். கடலுக்கு அப்பால் இருந்தவருக்கும் முதலில் தோன்றிய கவலை அதுவே.

நினைவு என்பது வயதோடு திரியும் என்று சிலர் கூறுவர். ஆயினும் இவர்கள் கூறியவை நாட்காட்டியோடு ஒத்து வருகின்றன. அன்று வெள்ளிக்கிழமை, ஹிஜ்ரி 1367 ரபீயுல் அவ்வல் மாதம், மவ்லிது மஜ்லிஸ்கள் நிறைவுற்ற சில நாட்களுக்குப் பின் என்று அந்த அம்மையார் கூறியது சரியே. ஜனவரி இறுதியில் நம் பகுதியில் ஆறே கால் மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். ஆகவே மஃரிபை ஒட்டிச் செய்தி வந்தது என்பதும் பொருந்துகிறது. ஆனால் நம் மேடைகளில் அடிக்கடி கூறப்படும் ஒரு செய்தியை, அதாவது கொலையாளி தன் கையில் முஸ்லிம் பெயரைப் பச்சை குத்தியிருந்தான் என்பதை, நான் இங்கு ஏற்கவில்லை. அதற்கு ஆதாரம் இல்லை. உண்மையே போதுமான கனம் உடையதாக இருக்கும்போது, கதை எதற்கு?

அந்த அச்சம் வீண் அச்சமா என்று இன்றைய இளைஞர் கேட்கலாம். அன்றிரவும் அடுத்த நாட்களிலும் மராட்டியப் பகுதிகளில் நடந்ததே விடை. கோட்ஸே சித்பாவனப் பிராமணர் என்பது தெரிந்ததும், புனே, சாத்தாரா, கோலாப்பூர் முதலிய இடங்களில் அவ்வகுப்பாரின் வீடுகளும் கடைகளும் கொளுத்தப்பட்டன, உயிர்களும் போயின. கோலாப்பூரில் பால்ஜி பெண்டார்கர் என்னும் திரைப்பட இயக்குநரின் படப்பிடிப்பு நிலையம் எரிக்கப்பட்டது. கொலையோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத மக்கள் அவர்கள். நம்மீது விழாமல் போன அடி இன்னொரு வகுப்பார்மீது விழுந்ததே என்று ஆறுதல் கொள்ள நமக்கு இடமில்லை. ஒருவரின் பாவச்சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்பது திருமறை பல இடங்களில் வலியுறுத்தும் நெறி. அது நமக்காக மட்டும் அருளப்பட்டதன்று.

1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்டபோது, செய்தியின் இரண்டாம் பாதி வேறாக இருந்தது. டெல்லியில் மட்டும் 2,733 சீக்கியர் கொல்லப்பட்டதாக அரசின் கணக்கே கூறுகிறது. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டது நம்மில் பலருக்கு நேரடி நினைவு. பேருந்து நின்ற இடத்திலேயே இரவைக் கழித்தவர்கள் நம் ஜமாஅத்திலும் உள்ளனர். அந்நாட்களில் முகாம்களில் இருந்த இலங்கை அகதிகள் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க அஞ்சினர். கொழும்புக்குப் பிழைக்கப் போன குடும்பங்களின் பிள்ளைகளாகிய நாம் அவர்கள் முகத்தைப் பார்த்து அறிந்துகொள்ள வேண்டியது நிறைய இருந்தது.

1948 ஜனவரி 31 அன்று டெல்லியில் இறுதி ஊர்வலம் நடந்தது. வானொலியில் மெல்வில் டிமெல்லோ ஏறத்தாழ ஏழு மணி நேரம் தொடர்ந்து வருணனை செய்தார். நமதூரில் வானொலி இருந்த இரு வீடுகளில் ஒன்று முஸ்லிம் வணிகருடையது, மற்றது செட்டியாருடையது. இரு வீட்டுத் திண்ணைகளிலும் ஊர் அமர்ந்திருந்தது. எந்தத் திண்ணையில் யார் அமர்ந்தார்கள் என்பது ஒழுங்கின்றிக் கலந்திருந்தது என்று மதரஸாச் சிறுவராக இருந்த அப்பெரியவர் கூறினார். அவர் தம் வாப்பாவின் மடியில் அமர்ந்து, புரியாத இங்கிலீஷைப் பிற்பகல் முழுவதும் கேட்டாராம். இடையில் பாட்டரி தளர்ந்து குரல் மங்கியபோது, செட்டியார் வீட்டிலிருந்து மாற்றுப் பாட்டரியைத் தலையில் வைத்துத் தூக்கி வந்தார்கள்.

அன்று பத்து வயதாக இருந்தவர் எவரும் இன்று எண்பத்தைந்தைக் கடந்திருப்பார். அத்தகையோர் நம் மஹல்லாவில் விரல்விட்டு எண்ணும் அளவினரே எஞ்சியுள்ளனர். தம் வீட்டில் அவ்வாறு நினைவுள்ள பெரியவர் இருப்பின், அல்லது அக்காலத்து அரபுத் தமிழ்க் கடிதங்கள் இருப்பின், ஜமாஅத் அலுவலகத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நேரில் வந்து எழுதிக்கொள்ள ஏற்பாடு செய்யப்படும். கடிதங்கள் படியெடுத்த பின் உரியவரிடமே திருப்பித் தரப்படும்.