மணல்ல ஆள் எடுத்த கதை

எங்க முகத்துவாரக்குப்பத்து மணல்ல பந்து ஆடுறப்போ, ரெண்டு கேப்டனும் மாத்தி மாத்தி ஆள் எடுப்பாங்க. கடைசில மிஞ்சுறது அடியேன் :-) அதையே கோட்டு சூட்டு போட்டுப் பண்ணினா டிராஃப்ட்!

ஆஸ்திரேலிய ஃபுட்பால்ல 1990 டிராஃப்ட்ல ஜேம்ஸ் ஹேர்ட் 79-வது ஆள். 1996-ல லீகோட சிறந்த ஆட்டக்காரர் பதக்கத்தைப் பகிர்ந்துகிட்டார்.

நம்ம ஐ.எஸ்.எல். 2017 ஜூலையில மும்பையில டிராஃப்ட் நடத்துச்சு. ஜாம்ஷெட்பூர் முதல்ல எடுத்தது 30 வயசு அனஸ் எடதொடிகாவை. தெரிஞ்ச சரக்கு. தப்புன்னு சொல்லல, சின்னப் பையன் எப்படி வருவான்னு அங்க உட்கார்ந்து யார் சொல்றது?

அதே டிராஃப்ட்ல 21 வயசு சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். எடுத்தது சொந்த ஊர் டீம் இல்லை, டெல்லி டைனமோஸ். 2023 ஆகஸ்ட், டூரண்ட் கோப்பை. நாலரை வருஷமா மோகன் பகானை ஜெயிக்காத ஈஸ்ட் பெங்கால் 1-0ன்னு ஜெயிச்சது. அந்த ஒரு கோல் நந்தகுமார் அடிச்சது.