குழந்தைக் கஞ்சி மாவை இன்ஸ்டாவில் விற்கலாமா? புது அம்மாக்கள் தொழில் தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம்

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும் கஞ்சி ஆரம்பிக்க வேண்டும். ராகியை முளைகட்டி, நிழலில் காயவைத்து, அரைத்து, மெல்லிய துணியில் சலித்து எடுப்பதற்குள் இரண்டு மூன்று நாள் ஓடிவிடும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இந்த வேலையைப் பார்ப்பவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். 'யாராவது செஞ்சு கொடுத்தா காசு கொடுத்தே வாங்கிடலாமே' என்று நினைத்த அம்மாக்களில் சிலர், கொஞ்ச நாளில் தாங்களே பாக்கெட் போட்டு விற்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

யோசனை நல்ல யோசனைதான். மகனின் சருமப் பிரச்னைக்குப் பொருத்தமான பொருள் தேடி அலைந்த கஸல் அலக், வருண் அலக் தம்பதி 2016-ல் தொடங்கியதுதான் மாமாஎர்த். அதன் தாய் நிறுவனம் 2023 நவம்பரில் பங்குச்சந்தைக்கே வந்துவிட்டது.

ஆனால் குழந்தை உணவு கொஞ்சம் வேறு கதை. ஊறுகாய்க்கும் முறுக்குக்கும் இல்லாத ஒரு தனிச் சட்டம் இதற்கு இருக்கிறது. வீட்டிலிருந்து விற்கும் பலருக்கும் இது தெரிவதில்லை.

அது என்ன சட்டம்?

தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பால்பவுடரை விளம்பரம் செய்து விற்ற பெரிய கம்பெனிகளைக் கட்டுப்படுத்த, உலக சுகாதார நிறுவனம் 1981-ல் ஒரு விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. அதைப் பின்பற்றி இந்தியா 1992-ல் இயற்றியதுதான் ஐஎம்எஸ் சட்டம். பால் மாற்றுப் பொருட்கள், பால் புட்டிகள், குழந்தை உணவுகள் மூன்றுமே இதில் வரும். 2003-ல் திருத்தம் செய்து இன்னும் இறுக்கினார்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு வயது வரை, தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்கும் துணை உணவு என்று சொல்லி விற்கப்படும் எதுவும் 'குழந்தை உணவு'தான். பெயர் என்னவாக இருந்தாலும் சரி என்கிறது சட்டம். அதாவது பாட்டி பக்குவத்தில் அரைத்த நேந்திரங்காய்ப் பொடியாகவே இருந்தாலும், பாக்கெட்டில் '6+ மாதம்' என்று போட்டால் கணக்கில் வந்துவிடும். சட்டம் குறிவைத்தது பன்னாட்டு கம்பெனிகளைத்தான் என்றாலும், 'எந்த நபரும்' என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. வீட்டுத் தயாரிப்புக்கு விலக்கு கிடையாது.

எதெல்லாம் செய்யக்கூடாது?

முதலில் விளம்பரம். குழந்தை உணவை விளம்பரம் செய்யவே கூடாது. மின்னணு வழியிலும் ஒலி, ஒளி வடிவிலும் வருவது எல்லாமே விளம்பரம் என்று 2003 திருத்தம் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் இன்ஸ்டா ரீல், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எதுவும் தப்பாது. 'என் பொண்ணு எவ்ளோ ரசிச்சு சாப்பிடுறா பாருங்க' வீடியோவும் சேர்த்துத்தான்.

அடுத்தது பாக்கெட். அதில் குழந்தை படமோ பெண் படமோ இருக்கக்கூடாது. விற்பனையைத் தூக்கிவிடும் வாசகங்களும் கூடாது. தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்ற அறிவிப்பும், சுகாதாரப் பணியாளர் ஆலோசனையின் பேரில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற குறிப்பும் கட்டாயம். கொழுகொழு குழந்தை படத்தோடு டிசைன் செய்து ஆயிரம் கவர் அச்சடித்த பிறகு இது தெரியவந்தால், போட்ட முதலில் ஒரு பகுதி அங்கேயே போச்சு.

இலவச சாம்பிள், கிவ்அவே, விற்பனையை ஊக்குவிக்கும் பரிசு எதுவும் கொடுக்கக்கூடாது. இதற்காகக் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தையின் அம்மாவையும் அணுகுவதற்கும் தடை இருக்கிறது. கர்ப்பிணிகள் குரூப்பில் நுழைந்து ஆர்டர் பிடிக்கிற பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுவது நல்லது.

விளம்பரத் தடையை மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லேபிள் விதியை மீறினால் குறைந்தபட்சமே ஆறு மாத சிறை.

அப்போ விற்கவே முடியாதா?

முடியும். விற்பனைக்குத் தடை இல்லை. ஆனால் எஃப்எஸ்எஸ்ஏஐ கொண்டுவந்த குழந்தை ஊட்டச்சத்து உணவுகளுக்கான 2020 ஒழுங்குமுறைகளையும் பின்பற்ற வேண்டும். சிறு வியாபாரிகளுக்கான சாதாரணப் பதிவு இதற்குப் போதுமா, உரிமம் வேண்டுமா என்பதை மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இன்னொரு வழி, வீட்டில் எல்லோருக்குமான சத்துமாவாக விற்பது. அதற்கு எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு, 14 இலக்க எண், சாதாரண லேபிள் விதிகள். கோதுமை, பால், நிலக்கடலை, முந்திரி, பாதாம் இருந்தால் ஒவ்வாமைக் குறிப்பு அவசியம். பாக்கெட்டில் சத்துமாவு என்று போட்டுவிட்டு, ரீலில் 'எட்டு மாசக் குழந்தைக்குக் கொடுக்கலாம்' என்று பேசினால் திரும்பவும் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். முதலீடு குறைவாக இருப்பவர்களுக்கு இந்த வழிதான் சரி என்று தோன்றுகிறது.

எந்த வழியில் போனாலும் ஈரப்பதம்தான் முதல் எதிரி. சரியாகக் காயாத நிலக்கடலையிலும் சோளத்திலும் பூஞ்சை பிடித்தால் அஃப்லாடாக்சின் என்ற நச்சு உருவாகும். வறுத்தாலும் அது முழுசாகப் போகாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆகாது. பாட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம் என்பதால் டாக்டர்கள் கண்டிப்பாக வேண்டாம் என்கிறார்கள்.

குளியல் பொடி, லேகியம், பொம்மை?

இவற்றுக்கும் அனுமதி உண்டு, துறைதான் வேறு. குழந்தைக் குளியல் பொடியை விற்பனைக்குத் தயாரித்தால் அது அழகுசாதனப் பொருள். 2020 அழகுசாதன விதிகளின்படி உரிமம் வேண்டும். பிரசவ லேகியம் மருந்தாகவே கருதப்படும் என்பதால் சித்தா அல்லது ஆயுர்வேத மருந்து உற்பத்தி உரிமம் இல்லாமல் விற்கக்கூடாது. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் பிஐஎஸ் முத்திரை கட்டாயம். கைவினைஞராக மத்திய அரசிடம் பதிவு செய்தவர்களுக்கு விலக்கு உண்டு. ஃபீடிங் நைட்டி, தூளித் துணி, துணி நாப்கின் தைப்பவர்களுக்கு இவ்வளவு தலைவலி இல்லை.

பணத்துக்கு என்ன வழி?

முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கடன் கேட்கலாம். உத்யம் பதிவு ஆன்லைனிலேயே முடிந்துவிடும், கட்டணம் கிடையாது. பதிவு செய்து தருகிறோம் என்று யாராவது ஆயிரம் இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள்.