கொம்பும் பேனாவும்

மான்கொம்பைக் கடைந்து பேனா செய்வது மேல்நாட்டில் பழகிப்போன கைத்தொழில். இதைக் கேட்டதும் குளத்தூர்க் கரிசல்காரனான எனக்கு நினைவு வந்தவை வல்லநாட்டு வெளிமான்கள். 1987இல் அந்தக் குன்று சரணாலயமாயிற்று.

தமிழில் கொம்பு என்கிற ஒற்றைச் சொல் இரண்டு பொருள்களைக் குறிக்கிறது. புள்ளிமான், மிளா தலையில் இருப்பது எலும்பு. உதிர்ந்து மறுபடி முளைக்கும். வெளிமானின் முறுக்குக் கொம்பு எலும்பின்மேல் போர்த்த உறை, உதிராது. அது கைக்கு வந்தால் மான் செத்துப்போயிற்று என்று அர்த்தம்.

கடைசல்காரனுக்கு வேண்டியது முன்னது. புறம் கெட்டி, உள்ளே பஞ்சுபோல் துளைகள். நடுவைத் துளைத்துப் பித்தளைக் குழாய் செருகி, சுழலவிட்டுச் சீவுகிறான். எலும்பு கருகும் நாற்றம் எழும்.

இந்தியாவில் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பிந்திய திருத்தங்களும் உதிர்ந்த கொம்பின் வியாபாரத்தையும் தடுத்துவிட்டன. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. கடைந்து மெருகேற்றிய பிறகு, உதிர்ந்தது எது, கொன்று எடுத்தது எது என்று யார் சொல்வது?

இங்கே எழுதியது பனையோலையில், இரும்பு எழுத்தாணியால். ஓலை வெட்டினால் பனை சாவதில்லை. 1932இல் ராஜமுந்திரியில் தொடங்கிய ரத்தினம் பேனாக்கள், கந்தகத்தால் இறுகிய ரப்பரான எபனைட்டில் கையால் கடையப்பட்டவை. இவற்றில் எதற்கும் மான் தேவைப்படவில்லை.