படுகளமும் ஒளிநாடாவும்: செஞ்சி வட்டாரத் திரௌபதி விழாவில் மரணக் காட்சியும் அதன் பதிவும்

ஆய்வுச்சுருக்கம்

செஞ்சி வட்டாரத் திரௌபதியம்மன் விழாவின் இறுதிக் கட்டமான படுகளம், மரணத்தை ஊரார் கூடிக் காணும் நிகழ்வாக்குகிறது. 1988இல் வெளிவந்த ‘லேடி ஆஃப் ஜிஞ்சி’ என்னும் ஒளிநாடா இவ்விழாவைத் திரைக்குக் கொண்டுசென்றது. களத்தில் அழுகையாய் நிறைவுறும் மரணம், சூழலிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனித்துக் காணப்படும்போது அச்சக் காட்சியாகச் சுருங்க இடமுண்டு என்பது இக்கட்டுரையின் கருதுகோள். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: செஞ்சி, மேலச்சேரி, படுகளம், தெருக்கூத்து, ஒளிநாடா, மெய்ப்பாடு.

முன்னுரை

செஞ்சியின் வரலாறு பெரிதும் கோட்டையின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. சி. எஸ். சீனிவாசாச்சாரியார் எழுதி 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கில நூல், செஞ்சியை ஆண்டோரின் வரிசையையும் போர்களையும் நிரல்படத் தருகிறது. 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட தேசிங்குராசனின் இறப்பு, கதைப்பாடலாகவும் திரைப்படமாகவும் மக்கள் நினைவில் நிலைத்தது. எனினும் செஞ்சியைச் சூழ்ந்த ஊர்களில் மக்கள் தாமே கூடி மீண்டும் மீண்டும் நிகழ்த்திவரும் இறப்பு துரியோதனனுடையது. அவ்விறப்பும் அதன் ஒளிப்பதிவும் இங்கு ஆராயப்படுகின்றன.

செஞ்சியும் திரௌபதி வழிபாடும்

அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைடல் திரௌபதி வழிபாடு குறித்து எழுதிய ஆங்கில நூலின் முதல் தொகுதி 1988இலும் இரண்டாம் தொகுதி 1991இலும் வெளிவந்தன. முதல் தொகுதியின் துணைத்தலைப்பே செஞ்சியிலிருந்து குருச்சேத்திரம் வரையிலான தொன்மங்களைச் சுட்டுகிறது. செஞ்சி வட்டாரத்தை இவ்வழிபாட்டின் மையப்பகுதியாக அவர் கொள்கிறார். பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியின் திரௌபதி கோயில் இவ்வழிபாட்டு மரபில் முதன்மையிடம் பெறுகிறது. பாண்டவர் வழிவந்த செஞ்சி அரசன் சுனீதனுக்கு உதவத் திரௌபதி மீண்டும் தோன்றினாள் என்பது வட்டாரத் தொன்மம். இத்தொன்மத்தின்வழிப் பாரதம் தொலைதூர நாட்டின் கதையாக அன்றி ஊரின் முன்வரலாறாகவே ஏற்கப்படுகிறது.

படுகளத்தில் மரணம்

விழா மூன்று இழைகளால் ஆனது. பகலில் வில்லிபாரதத்தை அடியொற்றிப் பிரசங்கியார் கதை சொல்வார். இரவு முழுதும் தெருக்கூத்து நிகழும். இவற்றிற்கு இணையாகக் கோயில் சடங்குகள் நடைபெறும். பதினெட்டாம் போர் நாளில் இம்மூன்றும் ஒரே களத்தில் வந்து கலக்கின்றன. மண்ணால் வனைந்த துரியோதனன் உருவம் திறந்தவெளியில் கிடத்தப்படுகிறது. இரவு முழுதும் ஆடிய கூத்தர் விடிந்தபின் அவ்வுருவத்தின்மேலும் அதைச் சுற்றியும் பொருகின்றனர். வீமன் தொடையில் அடிக்கிறான். அங்கு வைக்கப்பட்ட செந்நீர் குருதியாகிறது. அக்குருதி தோய்ந்த பின்னரே திரௌபதியின் விரிந்த கூந்தல் முடிக்கப்படுகிறது. மாண்டவனின் விலா எலும்பு சீப்பாகவும் குடல் பூமாலையாகவும் ஆவதாகக் கதைமரபு கூறுகிறது.

இவற்றை மட்டும் பிரித்தெடுத்தால் கொடூரமே எஞ்சும். ஆனால் சடங்கு இங்கு முடிவதில்லை. வீழ்ந்தவனுக்காக ஒப்பாரி எழுகிறது. சில ஊர்களில் களத்தில் மாண்டோராகக் கிடப்பவர்கள் அம்மன் அருளால் எழுப்பப்படுகின்றனர். பின்னர்த் தீமிதி நிகழ்கிறது. தருமர் பட்டாபிசேகத்தோடு விழா நிறைவுறுகிறது. பகைவன் என்றே கதை முழுதும் காட்டப்பட்டவனுக்கும் அழுகை மறுக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது.

அழுகையும் அச்சமும்

தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளுக்கும் தனித்தனி நிலைக்களன்கள் கூறுகிறது. அச்சத்திற்குக் கூறப்படும் நான்கனுள் அணங்கு ஒன்று. அழுகைக்குக் கூறப்படும் நான்கனுள் இழவு ஒன்று. இழவு என்பது இழத்தலைப் பொதுவாகக் குறித்தாலும், பிற்கால வழக்கில் சாவையே சுட்டும் சொல்லாயிற்று. அச்சத்தின் நிலைக்களன்களுள் இழவு இடம்பெறவில்லை. எனவே மெய்ப்பாட்டியல் நோக்கில் உற்றாரின் இறப்பு முதலில் அழுவதற்குரியது எனலாம். படுகளம் இவ்விரண்டையும் வரிசைப்படுத்துகிறது: அணங்கேறிய திரௌபதியின் சினம் அச்சத்தை எழுப்ப, ஒப்பாரி அதனை அழுகையாக மாற்றுகிறது.

திகில் திரைப்படம் இதற்கு எதிர்த்திசையில் இயங்குகிறது. எலியாஸ் மெரிகே இயக்கிய ‘பிகாட்டன்’ (1989) என்னும் அமெரிக்கச் சோதனைப் படம் இங்கு ஒப்பிடத்தக்கது. உரையாடலற்ற இக்கருப்பு வெள்ளைப் படம், கடவுள் தன் வயிற்றைத் தானே கிழித்து மாள்வதில் தொடங்கிப் புதுப்பிறப்பை நோக்கி நகர்கிறது. இறப்பு, குருதி, மறுபிறப்பு ஆகிய கூறுகள் படுகளத்திலும் உள்ளவையே. ஆனால் அப்படத்தில் இறந்தவருக்காக ஒப்பாரி வைக்க ஊர் இல்லை. 1990களில் வீட்டு ஒளிநாடாவாக வெளிவந்து தனிப்பார்வையாளரைச் சென்றடைந்ததும் இத்தனிமைக்குப் பொருந்துவதே.

ஒளிநாடாவின் வழி

‘லேடி ஆஃப் ஜிஞ்சி’ தென்னிந்தியத் திரௌபதி விழாக்கள் குறித்து ஹில்டெபைடல் உருவாக்கிய இருபகுதி ஒளிநாடா. இது 1988இல் வெளிவந்து, விஸ்கான்சின் பல்கலைக்கழகத் தெற்காசிய மையத்தின் வழியாக விநியோகிக்கப்பட்டது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சியும் ஒளிநாடாக் கருவியும் இந்திய நகரங்களில் பெருகின. வாடகைக்குப் படம் எடுத்து வீட்டில் காணும் வழக்கம் பரவியது. அதே பத்தாண்டில் உருவான இந்நாடாவோ இந்தியச் சந்தையை நோக்காது அயல்நாட்டு வகுப்பறையை நோக்கியது. இதனால் செஞ்சியின் படுகளம், பாரதம் கேட்டு வளராத மாணவருக்கும் காணக்கூடியதாயிற்று. இதன் பயனைக் குறைத்து மதிப்பிட இயலாது. எழுத்தால் உணர்த்த இயலாத அசைவும் ஒலியும் ஆய்வுச் சான்றாயின.

எனினும் பல நாள் விழாவை இரு பகுதிகளில் அடக்கும்போது தெரிவு தவிர்க்க முடியாததாகிறது. பிரசங்கம் கேட்டு, காப்புக் கட்டி, இரவெல்லாம் விழித்திருந்து படுகளத்திற்கு வருபவரின் உடல்நிலையை நாடா தருவதில்லை. களத்தில் ஒப்பாரி கேட்பவர் அவ்வழுகைக்கு உள்ளே நிற்கிறார். திரையில் காண்பவர் வெளியே நிற்கிறார். நாடாவை நிறுத்தலாம், பின்னோக்கிச் சுழற்றலாம்; வீமனின் அடியைப் பத்துமுறை காணலாம். சடங்கில் அவ்வடிக்குப் பின் அழுகை வந்தே தீரும்.

பார்வையின் விலை

இறப்பைக் காண்பது பற்றிய சிந்தனை இம்மரபிற்குள்ளேயே உண்டு. களப்பலியாகத் தன்னைத் தரும் அரவான், போர் முழுவதையும் காணும் வரத்தைக் கண்ணனிடம் பெறுகிறான். வெட்டுண்ட தலை போரைக் கண்டு நிற்கிறது. தன்னைத் தந்தவனுக்கே முழுமையாகக் காணும் உரிமை என்பது இக்கதையின் உட்பொருள். ஒளிப்பதிவாளர் பலியாக வேண்டியதில்லை; ஆயினும் கண்டதற்கு ஈடாக ஏதேனும் திருப்பித்தரக் கடமைப்பட்டவர் என இதனை விரித்துப் பொருள் கொள்ளலாம். பதிவு செய்யப்பட்ட ஊருக்கே அப்பதிவின் படியை அளிப்பது அக்கடமையின் முதற்படி.

முடிவுரை

2025 சூலையில் மராத்திய இராணுவ நிலக்காட்சிகள் என்னும் தொகுப்பின் பகுதியாகச் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கல்லுக்குக் கிடைத்த இக்காப்பு காந்த நாடாவுக்கு இல்லை. நாடாவின் பூச்சு காலத்தால் சிதைவது. அதை இயக்கும் கருவியைக் கடைசிவரை தயாரித்துவந்த சப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே 1980களின் களப்பதிவுகளை எண்மமாக்குதலும், பிரசங்கம், கூத்து, சடங்கு ஆகிய மூன்றன் விளக்கத்தோடும் அவற்றைச் செஞ்சி வட்டார ஊர்களுக்குக் கிடைக்கச் செய்தலும் தமிழகப் பல்கலைக்கழகங்கள் உடனே மேற்கொள்ளத்தக்க பணிகள். இன்று கூத்து இரவுகளை ஊர் இளைஞரே கைப்பேசியில் பதிவுசெய்கின்றனர். அவர்களின் பதிவையும் முந்தைய தலைமுறையின் நாடாவையும் அருகருகே வைத்துக் காணும்போதே, படுகளத்தின் ஒப்பாரியில் எது தொடர்ந்தது, எது மாறியது என்பதை வரலாற்று முறையில் எழுத இயலும்.