கல்லாப்பெட்டியும் உண்டியலும்

தொழில்நுட்பம் சிறு வணிகருக்கு உதவுகிறதா? தொண்டூழியத்துக்கு உதவுகிறதா? இவற்றை இரண்டு தனித்தனிக் கேள்விகளாகவே நாம் கேட்டு வருகிறோம். சிங்கப்பூரில் நம்மவர்களின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது புரியும். பகலில் கடைக் கல்லாவில் பணம் எண்ணியவரே மாலையில் கோயிலிலும் சங்கத்திலும் பொருளாளராக உட்கார்ந்தார். கடைக்கு வந்த ஒவ்வொரு கருவியும் அவர் கையோடு தொண்டுக்கும் வந்து சேர்ந்தது.

‘உண்டியல்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கோயிலில் காணிக்கை போடும் பெட்டியை உண்டியல் என்கிறோம். ஓர் ஊரில் பணத்தைக் கட்டிவிட்டு இன்னோர் ஊரில் பெற்றுக்கொள்ள வணிகர்கள் எழுதிக் கொடுத்த சீட்டுக்கும் உண்டியல் என்றுதான் பெயர். சென்னை, கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று கடல் கடந்து பணத்தைக் கொண்டு சென்றது அந்தச் சீட்டு. அது அக்காலத்துத் தொழில்நுட்பம்.

அந்தச் சீட்டில் பெயர் பெற்றவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் இருந்த கிட்டங்கிகளில் ஆளுக்கு ஒரு பெட்டகம், ஒரு சாய்வு மேசை, ஒரு பேரேடு. இவ்வளவுதான் அவர்களின் அலுவலகம். வருமானத்தில் ஒரு பங்கை அறப்பணிக்கு ஒதுக்கும் ‘மகமை’ அவர்களிடம் வழக்கமாக இருந்தது. மிச்சம் இருந்தால் கொடுப்போம் என்று விடாமல், அதையும் கணக்கில் எழுதி வைத்தார்கள். 1859-ஆம் ஆண்டு டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயிலை எழுப்பியதும் இந்தச் சமூகம்தான். வணிகக் கணக்கும் தருமக் கணக்கும் அன்று பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

சிராங்கூன் சாலைக்கு வருவோம். 1905-இல் சிங்கப்பூர் வந்த பி. கோவிந்தசாமிப் பிள்ளை மளிகைக் கடை ஊழியராகத் தொடங்கினார். பின்னர் மளிகை, ஜவுளி, மாவு ஆலை என்று தொழிலை விரிவாக்கினார். சீனிவாசப் பெருமாள் கோயிலின் திருமண மண்டபமும் இராஜகோபுரமும் அவருடைய கொடையை இன்றும் நினைவூட்டுகின்றன. அந்தத் தலைமுறைக் கடைக்காரர்களிடம் இருந்த கருவி தராசும் நோட்டுப் புத்தகமும்தான். கடன் வாங்கிய வாடிக்கையாளரின் பெயரை எழுதிவைத்த சின்ன 555 நோட்டை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சம்பள நாள் வரை பொறுத்திருந்த கடைக்காரருக்கு அந்த நோட்டு வணிகம். அரிசிக்கு வழியில்லாமல் நின்ற குடும்பத்துக்கு அதுவே உதவி.

1980-களில் நிலைமை மாறத் தொடங்கியது. 1985-இல் நெட்ஸ் நிறுவனம் உருவாக்கப்பட்டு, அடுத்த ஆண்டு கடைகளில் அட்டை மூலம் பணம் செலுத்தும் முறை வந்தது. 1994 ஏப்ரல் 1-ஆம் தேதி பொருள், சேவை வரி 3 விழுக்காட்டில் அறிமுகமானது. ஆண்டு விற்பனை ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டிய வணிகங்கள் அதற்குப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. ரசீதுகளைச் சணல் கயிற்றில் கோத்து வைத்தவர்களும் கணினிக் கணக்குக்கு மாற வேண்டிய காலம் பிறந்தது.

அறப்பணியும் அதே பாதையில் சென்றது. 1983-இல் கம்யூனிட்டி செஸ்ட் தொடங்கியது. அதன் பெயரிலேயே ஒரு பெட்டி இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டிக்குப் பணம் வர, நேரில் சென்று போட வேண்டியதில்லை. மாதச் சம்பளத்திலிருந்தே பிடித்துக் கொடுக்கலாம். 1991-இல் அமைந்த சிண்டாவும் இந்திய ஊழியர்களின் சிறு சிறு மாதச் சந்தாவை மத்திய சேமநிதிக் கழகத்தின் வழியாகவே பெற்று வருகிறது. ஒரு சில வெள்ளியை ஆயிரக்கணக்கானவர்களிடமிருந்து தவறாமல் திரட்டுவது கணினி இல்லாமல் எளிதாக நடந்திருக்காது.

பிறகு எங்கள் துறையும் களத்தில் இறங்கியது. 1994 முதல் தொலைக்காட்சி நன்கொடை நிகழ்ச்சிகள் மக்களைக் கவர்ந்தன. திரையில் 1900 என்று தொடங்கும் ஓர் எண் ஓடும். வீட்டிலிருந்தபடியே அழைத்தால் தொலைபேசிக் கட்டணத்தோடு நன்கொடையும் சேர்ந்துவிடும். கண் கலங்கிய நேரத்திலேயே கை கொடுக்க முடிந்தது.

2005 ஜூலையில் அந்த நம்பிக்கைக்குப் பெரிய அடி விழுந்தது. தேசிய சிறுநீரக அறநிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஒரு நாளிதழ்க் கட்டுரையை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், அவருடைய ஆண்டு ஊதியம் 600,000 வெள்ளி என்ற விவரம் நீதிமன்றத்தில் வெளிவந்தது. வழக்கு மீட்டுக்கொள்ளப்பட்டது. நிர்வாகக் குழு பதவி விலகியது. ஆயிரக்கணக்கானோர் மாதாந்திர நன்கொடையை நிறுத்தினார்கள். சிகிச்சையை நம்பியிருந்த நோயாளிகள் மீது எந்தத் தவறும் இல்லை என்பதுதான் இதில் வேதனை.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கோயில் உண்டியலை ஒருவர் தனியாகத் திறப்பதில்லை. நான்கு பேர் முன்னிலையில் திறந்து, எண்ணி, கையொப்பமிட்ட பிறகே தொகை கணக்கில் ஏறும். தொலைபேசி எண் கொடுப்பதை எளிதாக்கியது. ஆனால் எண்ணுவதை நன்கொடையாளர் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. கொடுக்கும் கருவி வளர்ந்த வேகத்தில் கணக்குக் காட்டும் பழக்கம் வளரவில்லை.

நல்ல வேளையாக, பாடம் கற்றுக்கொண்டோம். 2007-இல் அறநிறுவன மன்றம் அமைந்தது, நிர்வாக நெறிமுறைகளும் வந்தன. இன்று அறநிறுவன இணையவாசலில் யார் வேண்டுமானாலும் பதிவுபெற்ற ஓர் அமைப்பின் பெயரைத் தேடி, அதன் வரவு செலவுச் சுருக்கத்தைப் பார்க்கலாம். அன்று நான்கு பேர் சுற்றி நின்று பார்த்த வேலையை இன்று நாடே பார்க்க வழி இருக்கிறது.

வணிகரின் அனுபவம் தொண்டுக்கு எவ்வாறு பயன்படும் என்பதற்கு 2012-இல் தொடங்கிய சிங்கப்பூர் உணவு வங்கி நல்ல சான்று. உணவு விநியோகக் குடும்பத் தொழிலை நடத்திய உடன்பிறப்புகளான நிக்கோலஸ் இங், நிக்கோல் இங் இருவரும் அதைத் தொடங்கினார்கள். விற்பனைக்குப் போகாத, ஆனால் உண்ணத் தகுந்த பொருள்கள் கிடங்கில் தேங்குவதைத் தொழிலில் இருப்பவர்கள் நன்கு அறிவார்கள். எந்தப் பெட்டி என்றைக்குக் காலாவதியாகும் என்று பார்க்கும் கிடங்குக் கணக்கு, கடைக்கு நட்டத்தைக் குறைக்கிறது. அறநிறுவனத்துக்கு அதே கணக்கு, உணவு கெடுவதற்குள் பசித்தவரிடம் சேர்க்க உதவுகிறது.

2017 ஜூலையில் பேநவ், 2018 செப்டம்பரில் எஸ்ஜிகியூஆர் என்று அடுத்தடுத்து வந்தன. 2020-இல் கொவிட் காரணமாக ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தபோது, கைத்தொலைபேசியைத் தயங்கித் தொட்ட கடைக்காரர்களும் கற்றுக்கொண்டார்கள். இப்போது தோசைக் கடை முகப்பிலும் நன்கொடைப் பெட்டியின் மேலும் அதே கறுப்பு வெள்ளைக் கட்டம்தான் ஒட்டப்பட்டிருக்கிறது. மீண்டும் கல்லாப்பெட்டியும் உண்டியலும் ஒன்றாகிவிட்டன.

எனவே கருவியைக் குறை கூறுவதில் பயனில்லை. பேரேடும் ஒரு காலத்தில் புதிய கருவிதான். அதில் மகமையையும் ஒரு வரியாக எழுதிய மனிதர்கள்தாம் அதற்குப் பெருமை சேர்த்தார்கள். நம்முடைய சிறிய சங்கங்களில் கணக்கு எழுத, இணையத்தில் பதிய, ரசீது அனுப்ப ஆள் கிடைக்காமல் வயதான பொருளாளர்கள் தவிக்கிறார்கள். தினமும் கடைக் கணக்கைக் கைத்தொலைபேசியில் முடிக்கும் இளம் வணிகர்களுக்கு அது வாரத்தில் ஒரு மணி நேர வேலை. காசோலை கொடுப்பதோடு அந்த ஒரு மணி நேரத்தையும் கொடுங்கள்.

நன்கொடை தரும் நம் அனைவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. குறியீட்டை வருடும்போது திரையில் தோன்றும் பெயர் சரிதானா என்று ஒரு நொடி பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த அமைப்பின் கணக்கைப் படியுங்கள். கேள்வி கேட்பது அவநம்பிக்கை ஆகாது. உண்டியல் எண்ணும்போது பக்கத்தில் நின்ற நம் முன்னோர்கள் அதைத்தான் செய்தார்கள்.